ஒரு வாளி ஈரக் கோகோ

பக்கத்து வீட்டு டான்டியை ஏமாளி என்று இரண்டு வருடமாக மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில், காலை ஒன்பது மணிக்குள், அவர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியை வாழை இலையால் மூடி எடுத்துக்கொண்டு மினி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். வாளியில் இருப்பது அன்று விடியற்காலையில் உடைத்த கோகோ காய்களின் விதை, சதையும் ஈரமுமாக. 14 கிலோ இருக்கும். காய்ந்தால் 5 கிலோ. 100 கிராம் கறுப்புச் சாக்லேட் கட்டி ஒன்றுக்கு இரண்டு காயின் விதை ஏறக்குறையப் போதும். ஆக, அந்த வாளிக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட சாக்லேட் கட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கரீபியன் தீவான கிரனடாவின் தலைநகர் செயிண்ட் ஜார்ஜஸில் கடைக்காரர் ஒரு கட்டிக்குக் கேட்கும் காசைப் பார்க்க டான்டி கிலோக் கணக்கில் ஈர விதையைக் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு, கையில் கிடைத்த சீட்டை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, வழியில் உப்புக்கருவாடு வாங்கி, சிரித்த முகமாகத் திரும்பி வருவார். எனக்குத்தான் பொறுக்காது.

டான்டி என்றால் இந்தக் கிரனடா தீவில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாமும். வயதான பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவர் என்னை 'டூடூ' என்பார். பிரெஞ்சுக்காரர்கள் 1763-இல் தீவை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போன பிறகும் போகாமல் தங்கிவிட்ட செல்லச்சொல் அது. கோகோவையும் அவர்கள்தான் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். என் கணவர் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க இங்கே வந்தார். நான் அவரோடு வந்தேன். செயிண்ட் டேவிட் பகுதியில், மலைச்சரிவில், பின்பக்கம் மூன்று கோகோ மரங்கள் நிற்கும் வாடகை வீட்டில் குடியேறினோம். அந்த மூன்று மரங்கள்தான் இந்தக் கதையில் என்னை மாட்டிவிட்டவை.

ஏமாளி என்ற நினைப்பு எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். ஆனைமலைக்குப் பக்கத்தில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போடலாம், நிழலிலும் காய்க்கும் என்று ஒரு கம்பெனியின் ஆட்கள் நாற்றுக் கொடுத்தார்கள். அப்பா நட்டார். அணிலும் மரநாயும் தின்றதுபோக மிச்சம் வீட்டுக்கு வந்தது. ஈர விதையாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பாலை விற்கிறவனைவிட நெய்யை விற்கிறவன்தான் பிழைப்பான் என்பது அவர் கட்சி. மூங்கில் கூடையில் வாழை இலை பரப்பி, விதையைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடி, மாட்டுக் கொட்டகை ஓரமாக வைப்பார். ஆறாம் நாள் களத்தில் கொட்டிக் காயவைப்பார். காய்ந்ததைக் கொண்டுபோனால், எடுக்கிறவர் நாலு கொட்டையை வெட்டிப் பார்த்து, சரியாகப் புளிக்கவில்லை என்று விலையைக் குறைப்பார். அப்பா சண்டை போடுவார். எட்டு வருடம் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு கோடையில் அத்தனை கோகோ மரங்களையும் வெட்டி அடுப்புக்குப் போட்டுவிட்டார். கொட்டையை வெட்டிப் பார்ப்பது விலையை இறக்கச் செய்யும் தந்திரம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கல்யாணமாகிக் கடல் கடந்து வந்த பிறகும் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இட்லி மாவு கொடுத்த தைரியம்

டான்டியின் நிலத்தில் முன்பு இருந்தது கோகோ இல்லை, ஜாதிக்காய். கிரனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. உலகத்துக்கு ஜாதிக்காய் அனுப்புவதில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த தீவு இது. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி ஐவன் சூறாவளி வந்து, ஒரே பகலில் மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. வீட்டுக் கூரை பறந்ததைப் பற்றி டான்டி சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஜாதிக்காய் மரங்கள் சாய்ந்ததைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. ஜாதிக்காய் நட்டால் காய்க்க ஏழெட்டு வருடம். அன்றைக்கே அவருக்கு அறுபதை நெருங்கிய வயது. கோகோ மூன்று நான்கு வருடத்தில் காய்த்துவிடும். தீவில் பலர் அப்படித்தான் கோகோவுக்கு மாறினார்கள். அவருக்கு இருப்பது அரை ஏக்கருக்கும் குறைவான சரிவு நிலம். வாழை, ஈரப்பலா, இரண்டு முள்சீத்தா மரங்கள், அவற்றின் நிழலில் கோகோ. மேட்டில் ஒரு இம்மோர்ட்டல் மரம் நிற்கிறது. பூக்கும் காலத்தில் இலை உதிர்ந்து மரம் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருக்கும். முதல் முறை பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. நம் ஊர்க் கல்யாண முருங்கையின் உறவுக்காரர். அங்கே மிளகுக்கொடியைத் தாங்குகிறது, இங்கே கோகோவுக்குக் குடை பிடிக்கிறது.

போன ஜனவரியில் எங்கள் மூன்று மரங்களிலும் சேர்த்து இருபத்திரண்டு காய்கள் பழுத்து நின்றன. கோகோ காய் கிளை நுனியில் தொங்காது. பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பறிக்கச் சொல்லிக்கொடுத்தவர் டான்டிதான். எட்டுகிற காயைக் கையால் திருகக் கூடாது. காம்பை ஒட்டி அறுக்க வேண்டும். காம்பு ஒட்டியிருக்கும் புடைப்பில்தான் அடுத்த பூவும் வரும். அது பிய்ந்தால் அந்த இடம் அதோடு மலடு. உயரத்தில் இருப்பதற்கு மூங்கில் கழி நுனியில் கொக்கிக் கத்தி கட்டிய கோல் வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அசல் துறட்டிக்கோல்.

உடைத்தபோது உள்ளே சீத்தாப்பழச் சுளை மாதிரி வெள்ளை வெள்ளையாக வழுக்கிக்கொண்டு முப்பது நாற்பது விதைகள். சதையைச் சப்பினால் மங்குஸ்தான் ருசி. விதையைக் கடித்தால் கசப்பு, வாயெல்லாம் துவர்ப்பு. சாக்லேட்டின் வாசனை பேருக்குக்கூட இல்லை. அந்த வாசனை பிறகுதான் வருகிறது, புளித்து, காய்ந்து, வறுபட்ட பிறகு. புளிக்கவைப்பதில் எனக்குத் தெரியாததா? வாரம் இருமுறை உளுந்தும் அரிசியும் அரைத்து, கையால் கரைத்து வைப்பவள் நான். இந்தத் தீவின் வெக்கையில் மாவு எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். டான்டியிடம் சொன்னேன்: 'இந்த முறை நீங்களும் விற்காதீர்கள். நான் செய்து காட்டுகிறேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாக்லேட்டே செய்வோம்.' அவர் என்னை ஒருமுறை பார்த்தார். 'செய்து பார், டூடூ' என்று சொல்லிவிட்டு, தன் வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இருபத்திரண்டு காயின் விதை இரண்டரைக் கிலோ வந்தது. அடியில் துளை போட்ட சிறிய வாளியில் வாழை இலையை வாட்டிப் பரப்பி, விதையைக் கொட்டி, மேலே இலை, அதன்மேல் இரண்டு சாக்கு, அப்பா செய்தபடியே. முதல் நாள் மாலை கள்ளுக்கடை வாசனை வந்தது. பரவாயில்லை, பிடித்துக்கொண்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. கொசு போன்ற பழ ஈக்கள் மொய்த்தன. நான்காம் நாள் ஓரங்களில் சாம்பல் பூத்திருந்தது. ஐந்தாம் நாள் சாக்கை விலக்கியபோது, பத்தில் இரண்டு விதைகளிலிருந்து வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

விவசாயி வீட்டில் வளர்ந்தவளுக்கு முளையைப் பார்த்தால் மனம் குளிரும். எனக்கும் அந்த ஒரு நிமிடம் குளிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் கை

மலை ஏறும் சாலையில் நான்காவது வளைவில் இருக்கிறது பூக்கான். தகரக் கூரை போட்ட நீளமான மரக் கட்டடம். தரைமட்டத்துக்குக் கீழே தண்டவாளம் ஓட, அதன்மேல் அகலமான மரத் தட்டுகள். வெயில் அடித்தால் தட்டுகளை வெளியே இழுப்பார்கள். மழை வந்தால் கட்டடத்துக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அலமாரி இழுப்பறைகளுக்கு மேல் ஒரு வீடு கட்டிவைத்ததுபோல் இருக்கும். சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகளின் ஈர விதையெல்லாம் இங்கேதான் வந்து சேரும். என் வாளியை எடுத்துக்கொண்டு அங்கே போனதற்குக் காரணம் வெட்கம்தான். டான்டியிடம் காட்டுவதைவிட முன்பின் தெரியாதவரிடம் காட்டுவது மேல்.

அங்கே பெட்டிகளைக் கவனித்துக்கொள்பவருக்கு அறுபது வயதிருக்கும். வாளிக்குள் பார்த்தார். சிரிக்கவில்லை. முளைத்த விதை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, 'இது உயிரோடு இருக்கிறது' என்றார். நல்லதைச் சொல்கிறாரா, கெட்டதைச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. 'வாருங்கள்' என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இடுப்பு உயர மரப்பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றும் நம் வீட்டுக் குதிர் அளவுக்கு. ஒன்றின் மேலிருந்த சாக்கையும் கறுத்துப்போன வாழை இலைகளையும் விலக்கினார். கண்ணைக் குத்துகிற காடி நெடி. இருமல் வந்துவிட்டது. மூன்றாம் நாள் பெட்டி அது. கையை உள்ளே விடச் சொன்னார்.

விரல்கள் நுழைந்தன. மேலாக வெதுவெதுப்பு. மணிக்கட்டு வரை போனதும் சுட்டது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவியைக் கையுறையாகப் போட்டுக்கொண்டதுபோல் ஒரு சூடு. பத்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டேன். கீழே நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை. 50 டிகிரி வரை போகும் என்றார். விதைகளே போட்டுக்கொண்ட சூடு.

இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து, என் விதை ஒன்றையும் அவர் விதை ஒன்றையும் நீளவாக்கில் வெட்டி, பெட்டியின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது கொட்டைப்பாக்கை வெட்டியதுபோல் கெட்டியாக, இடைவெளி இல்லாமல், கத்திரிக்காய்த் தோலின் ஊதா நிறத்தில் இருந்தது. அவருடையது மடிப்பு மடிப்பாக வெடித்து, வெடிப்புகளில் கருஞ்சிவப்புச் சாறு கசிந்து, ஓரத்திலிருந்து பழுப்பேறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அவர் செய்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். எனக்குக் கண்ணில் பட்டது அந்த இரண்டு விதைகள் அல்ல. ஆனைமலையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெட்டிய கொட்டையைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பா.

பிறகு அவர் சொல்லியும், நானாகப் படித்தும் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் சதையில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று கள்ளாக்குகிறது. அதற்குக் காற்று வேண்டாம், மூடியே வைக்கலாம். 48 மணி நேரம் ஆனதும் மரக் கரண்டியால் விதையை வாரி அடுத்த பெட்டிக்கு மாற்றுகிறார்கள். அப்போது காற்று புகுகிறது. வேறொரு கூட்டம் நுண்ணுயிர் வந்து கள்ளைக் காடியாக்குகிறது. அந்த வேலையில்தான் சூடு கிளம்புகிறது. சூடும் காடியும் தோலைத் தாண்டி உள்ளே போய் விதையைக் கொல்கின்றன. செத்த பிறகுதான் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன அறைகளின் சுவர் இடிந்து, அதுவரை தனித்தனியாக இருந்த சாறுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. கசப்பும் துவர்ப்பும் தணிகின்றன, ஊதா பழுப்பாகிறது, பின்னால் வறுக்கும்போது சாக்லேட் வாசனையாக மாறப்போகும் சரக்கு அங்கே உருவாகிறது. ஆறேழு நாள். என் வாளியில் விதை சாகவே இல்லை. சூடு வந்த வேகத்திலேயே வெளியே போய்விட்டது. இட்லி மாவுக்குச் சொந்தச் சூடு தேவையில்லை, ஊர்ச் சூடு போதும். அதனால் ஒரு படி மாவும் புளிக்கும், ஒரு அண்டா மாவும் புளிக்கும். கோகோ அப்படியில்லை. குறைந்தது 50, 60 கிலோவாவது ஒன்றாகக் குவிந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். பெட்டி என்றால் பல நூறு கிலோ.

டான்டியின் வாளி 14 கிலோ. அப்பாவின் கூடை இருபதோ இருபத்தைந்தோ.

அப்படியென்றால் டான்டி தன் வீட்டு வாசலில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் அந்த வாளி தனியாகச் சாக்லேட் ஆக முடியாது. அதே நாளில், அதே காலையில், இன்னும் முப்பது நாற்பது பேர் தங்கள் வாளியோடு வந்தால்தான் ஆகும். செவ்வாய்க்கிழமை ஏன் செவ்வாய்க்கிழமை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்று உடைத்ததும் மூன்று நாள் முன்பு உடைத்ததும் ஒரே பெட்டியில் சேரக் கூடாது. ஒருவர் காயாகப் பறித்து உடைத்துக் கலந்தால் அத்தனை பேரின் விதையும் கெடும். அதனால்தான் தராசுக்காரர் ஒவ்வொரு வாளியிலும் மூக்கை நுழைத்து மோந்து பார்க்கிறார், கையை விட்டுத் துழாவுகிறார், கருத்த விதையைக் கண்டால் வாளியோடு திருப்பி அனுப்புகிறார். நான் இரண்டு வருடமாக ஏமாளிகளின் வரிசை என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒருவர் பொருளை ஒருவர் நம்பிக் கொட்டும் வரிசை.

காலால் மிதிப்பது பற்றி

பெட்டியிலிருந்து வெளியே வந்த விதை தட்டுகளுக்குப் போகிறது. அங்கே பெண்கள் வெறுங்காலோடு தட்டுக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி, உழவு சால் பிடிப்பதுபோல் நீளவாக்கில் நடக்கிறார்கள். அரைமணிக்கு ஒருதரம் நடை. அடியில் இருப்பது மேலே வரும், ஒட்டிக்கொண்டிருப்பது பிரியும். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். 'இதையா வாயில் போட்டுக்கொள்கிறோம்?' என்று கேட்டார். எங்கள் வீட்டுக் களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தவர் அதே அம்மாதான் என்பதை நினைவுபடுத்தினேன். நெல்லுக்கு உமி இருக்கிறது என்றார். கோகோவுக்கும் தோல் இருக்கிறது, அதோடு 120 டிகிரிக்கு மேல் வறுபடவும் போகிறது. வாதத்தில் ஜெயித்தேன். அம்மா அதற்குப் பிறகு சாக்லேட் தின்றாரா என்று தெரியவில்லை.

கோகோ நடனம் என்று ஒன்று உண்டு, அது வேறு. பழைய கரும்பு ஆலைகளில் பாகு காய்ச்சிய பெரிய செப்புக் கொப்பரையில் காய்ந்த விதையைக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஏறி நின்று மிதிப்பார்கள். ஒட்டியிருக்கும் காய்ந்த சதையும் பூசணமும் போய் விதை பளபளக்கும். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வாங்குகிறவர் கண்ணுக்குத்தான். இன்று அது பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கிறது. பாட்டு உண்டு, கைதட்டல் உண்டு. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். மேடையேறி ஆடுகிறவர்களைப் படம் எடுக்கிறார்கள். தட்டில் ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை, ஒரு வாரமானாலும், மேகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. தூறல் விழுந்து அவர் கையசைக்க, நாலு பேர் ஓடி வந்து தட்டுகளைத் தள்ளும் அந்தக் கடகடச் சத்தம்தான் என்னைக் கேட்டால் இங்கே பார்க்க வேண்டியது.

ஹெர்மிடேஜில் ஒருவர்

இவ்வளவுக்குப் பிறகும் என் பழைய கணக்கு முழுதாக அடங்கிவிடவில்லை. சரி, புளிக்கவைக்கக் கூட்டம் வேண்டும். கூடிவிட்டார்கள், பெட்டியும் இருக்கிறது. 1964-இலிருந்து கோகோ விவசாயிகளுக்கென்று சங்கமும் இருக்கிறது. காய்ந்த விதையை மூட்டையாகக் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவதோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள்? தீவின் மொத்த விளைச்சல் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்குள்தான். ஐவரி கோஸ்டும் கானாவும் உலகத்தின் பாதிக்கு மேல் விளைவிக்கும்போது இது ஒரு கைப்பிடி. ஆனால் கிரனடாவின் கோகோ முழுவதும் உயர்ந்த மணம் கொண்ட வகை என்று சர்வதேசக் கோகோ அமைப்பு ஏற்றிருக்கிறது. கைப்பிடியானாலும் வாசனைப் பிடி.

இதே கேள்வியைக் கேட்டு, பதிலைத் தானே செய்து பார்த்தவர் மாட் கிரீன். அமெரிக்காவிலிருந்து வந்து, காட்டுக்குள் மூங்கில் குடிசையில் வாழ்ந்தவர். 1999-இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, வடக்கே செயிண்ட் பேட்ரிக் பகுதியின் ஹெர்மிடேஜில், ஒரு வீட்டுக்குள் சாக்லேட் ஆலை தொடங்கினார். மரத்திலிருந்து கட்டிவரை எல்லாம் தீவிலேயே. பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்த்தார், கிடைக்காததைத் தானே செய்தார், சூரிய மின்சாரத்தில் ஓட்டினார். 2012-இல் இன்ஜினே இல்லாத ஒரு பாய்மரக் கப்பலில் சாக்லேட்டை ஏற்றி அட்லாண்டிக்கைக் கடக்கவைத்தார். கேட்க அழகாக இருக்கிறது. அழகுக்குப் பின்னால் இருந்த தொல்லை வேறு. கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். சாக்லேட்டைப் பதமாக இறக்க 31, 32 டிகிரியில் கையாள வேண்டும். தீவின் சாதாரணப் பகலே 30, 31. அறையைக் குளிரவைக்க வேண்டும், கட்டியைக் குளிரில் வைக்க வேண்டும், குளிரிலேயே அனுப்ப வேண்டும். 2013 ஜூன் 1-ஆம் தேதி, சாக்லேட்டைக் குளிர்விக்கும் சாதனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். 47 வயது. ஆலை இன்னும் இருக்கிறது. அவருக்குப் பிறகு இன்னும் சில சின்ன ஆலைகள் தீவில் எழுந்திருக்கின்றன. கடையில் நான் விலை பார்த்து முகம் சுளிக்கும் கட்டிகளில் பல அவற்றிலிருந்து வருபவைதான். அந்த விலையில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று இப்போது தெரியும்.

டான்டியின் வாளிக்குக் கிடைப்பது போதுமா என்றால், போதாது என்றுதான் இன்றும் சொல்வேன். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, ஆப்பிரிக்காவில் விளைச்சல் படுத்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். நல்ல விலை வரவேண்டுமானால் வேறெங்கோ இருக்கும் இன்னொரு டான்டியின் மரம் நோயில் விழ வேண்டியிருக்கிறது. இதை எந்தப் பெட்டியில் போட்டுப் புளிக்கவைத்தாலும் கசப்பு போகாது. ஆனால் அவருடைய அறியாமையால் அந்தப் பணம் போகவில்லை. என் கணக்கில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

உருண்டை

அன்றைக்குப் பூக்கானிலிருந்து வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தபோது டான்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாளியை வாங்கிக்கொண்டார். பூசணம் பிடித்ததையும் முளைத்ததையும் பொறுக்கி வாழை அடியில் எறிந்தார். மீதியை அலசி, தகரத்தின்மேல் பரப்பினார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். கரி அடுப்பில் இரும்புச் சட்டி. விதை படபடவென்று வெடிக்கும்வரை வறுத்தார். கையால் நசுக்கித் தோலுரித்து, தட்டில் போட்டுப் புடைத்தார். எங்கள் பாட்டி உளுந்து புடைப்பதுபோலவே இரண்டு தட்டு, ஒரு ஊது. பிறகு மர உரல். உலக்கையை என்னிடம் கொடுத்தார். இடிக்க இடிக்க முதலில் பொடி, பிறகு அதுவே எண்ணெய் விட்டு எள்ளுருண்டைப் பதத்துக்கு வந்தது. அதில் இடித்த பட்டை, துருவிய ஜாதிக்காய். கையில் எடுத்து உருட்டி எலுமிச்சை அளவில் உருண்டைகள் பிடித்தார். கோகோ டீக்கு இதுதான். சூடான தண்ணீரில் துருவிப் போட்டு, பிரிஞ்சி இலை போல ஒரு இலையைக் கிள்ளிப் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மேலே நெய் மிதப்பதுபோல் பொட்டுப் பொட்டாக எண்ணெய் மிதக்கும். கசந்தது. பட்டையும் ஜாதிக்காயும் அந்தக் கசப்பைத் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போயின.

'நாங்கள் குடிப்பதற்குப் பெட்டி வேண்டாம், டூடூ' என்றார். எல்லாம் தெரிந்துதான் என்னைச் செய்ய விட்டிருக்கிறார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று திருப்பிக் கேட்டார்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். மரங்களை வெட்டிப் பத்து வருடமாகிவிட்டது. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது வாய்தவறி வந்துவிட்டது. பெட்டி, சூடு, வெட்டிவைத்த இரண்டு விதைகள், எல்லாவற்றையும் சொன்னேன். மறுபுறம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். 'எத்தனை கிலோ என்று சொன்னாய்?' என்று கேட்டார். சொன்னேன். 'நம் வாய்க்கால் மேட்டில் ஏழு பேர் கோகோ போட்டிருந்தோம்' என்றார். 'ஏழு பேரும் ஏழு கூடை வைத்தோம்.' பிறகு அங்கே மழை எப்படி என்று விசாரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டான்டிக்கு முழங்கால் வலி. வாளியை நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முந்தின நாள் எங்கள் மரங்களில் பழுத்திருந்த ஒன்பது காய்களையும் அன்று விடியற்காலையில் உடைத்து அதிலேயே கொட்டியிருந்தேன். பூக்கானில் எனக்கு முன்னால் பதினோரு பேர். என் முறை வந்ததும் தராசுக்காரர் இலையை விலக்கினார். கையை விட்டுத் துழாவினார், குனிந்து மோந்தார். ஒரு விதையை எடுத்து இரண்டு விரலால் பிதுக்கிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கி, மற்றவர்களுடையது கிடந்த பெட்டிக்குள் கவிழ்த்தார்.